மருமகளைக் கட்டிக்கொடுத்த பழனாயி

சோமனூர் ரயிலடிக்குத் தெற்கே, காலையில் தொடங்கினால் இருட்டும்வரை தறிச்சத்தம் ஓயாத தெரு ஒன்றில் பழனாயி குடியிருந்தாள். கணவர் ரத்தினசாமிக்குச் சொந்தமாக இரண்டு விசைத்தறிகள். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையில் ஒன்றை அவர் ஓட்டினார், இன்னொன்றை மகன் தண்டாயுதபாணி ஓட்டினான். தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பது பழனாயியின் வேலை. ராட்டை முன்னால் உட்கார்ந்தால் அவள் வலது கை தானாகச் சுழலும். வாய் தன்பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரிகளோடு பேசிக்கொண்டிருக்கும். சத்தமாகச் சிரிப்பவள் என்று அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர்.

1966ஆம் வருஷத்து ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகியது. தரையில் ஈரம். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென்று நின்றுவிட, என்னவென்று பார்க்கக் குனிந்த தண்டாயுதபாணியைக் கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்தது. அலறக்கூட இல்லை. தறி நின்றதைக் கேட்டுத்தான் ரத்தினசாமி திரும்பிப் பார்த்தார். பக்கத்து ஊரிலிருந்து கார் பிடித்து வந்தபோது உயிர் இல்லை. இருபத்துநாலு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை.

அவன் மனைவி சாரதாமணி சென்னிமலைப் பெண். தாயை இழந்தவள். அவளுடைய அப்பா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டவர். காரியத்துக்கு வந்தவர், கொஞ்ச நாள் போகட்டும், வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை. வீட்டில் இருக்கும் சின்னம்மா வேண்டாம் என்றிருப்பாள் என்று சாரதாமணிக்குத் தெரியும். அதனால் அவள் யாரையும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், புருஷன் இல்லாத வீட்டிலேயே சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருந்துவிட்டாள்.

அவள் கால் வைத்த நேரம் சரியில்லை என்று தெருவில் பேசினார்கள். பழனாயி அப்படிச் சொல்லவில்லை. சொன்னவர்களை மறுக்கவும் இல்லை. மருமகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் தானே எழுந்து போய்க் குடித்தாள். சாரதாமணி எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பமாட்டாள், ஆனால் பார்க்கவும் மாட்டாள். இப்படியே மாதங்கள் போயின.

அடுத்த சித்திரையில் குளிக்கும்போது பழனாயியின் வலது மார்பில் கைக்கு என்னவோ தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வலிக்கவில்லை. பழனாயிக்கு அது என்னவென்று தெரியாமல் இல்லை. அவள் பிறந்த ஊரான அவிநாசியில் இதே மாதிரி ஒரு கட்டி வந்து, மறைத்து வைத்து, கடைசியில் புண்ணாகிச் செத்துப்போன ஒருத்தியைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது ஒருவிதமான நிம்மதி. மகன் போன இடத்துக்குப் போக வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆடி பிறப்பதற்குள் கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. மேல்தோல் சுருங்கி, ஓர் ஓரத்தில் நீர் கசியத் தொடங்கியது. பழந்துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஆனால் துணி துவைப்பது சாரதாமணி. ஒருநாள் ரவிக்கையில் காய்ந்திருந்த கறையைப் பார்த்தவள், அதைக் கையில் பிடித்தபடியே ராட்டைக்கு முன்னால் வந்து நின்றாள். இது என்ன என்று கேட்டாள். சூட்டுக் கட்டி என்றாள் பழனாயி. ஒன்பது மாதத்தில் மருமகளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

சாரதாமணி நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். பழனாயி ராட்டையைச் சுற்றிக்கொண்டே, போகிற உயிர் போகட்டும், அதை யாரும் பிடித்து நிறுத்த வேண்டாம் என்றாள். அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள்.

“நீங்களும் போயிட்டா நான் எங்கீங்க போறது, அத்தை?”

ராட்டை நின்றது. பாசத்தில் கேட்ட கேள்வி இல்லை அது. கேட்டவளும் அப்படி வேஷம் போடவில்லை. போக்கிடம் இல்லாத ஒருத்தி தன் பயத்தை அப்படியே எடுத்து முன்னால் வைத்தாள். பழனாயி அன்றைக்குத்தான் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். கன்னம் ஒட்டி, வெறும் நெற்றியோடு, முப்பது வயதுக்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இருபத்தொரு வயதுதான் ஆகியிருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் ரயிலேறிக் கோயமுத்தூர் போனார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா நிறையப் பேசவில்லை. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று மட்டும் கேட்டார். பிறகு ரத்தினசாமியை வரச்சொல்லி, மார்பை முழுதாக எடுக்க வேண்டும், அக்குளில் இருக்கும் கட்டிகளையும் எடுக்க வேண்டும், அதற்கப்புறம் மெட்ராஸ் போய் மேல்வைத்தியம் பார்த்தால் பிழைக்க வழியுண்டு என்றார். ரத்தினசாமி தலையாட்டினார். வீட்டுக்கு வந்து கொட்டகையில் வெகுநேரம் நின்றார். மகன் ஓட்டிய தறி அதுவரை துணி போர்த்திக் கிடந்தது. அந்த வாரமே அதை விற்றார்.

அறுவை முடிந்து பழனாயி கண்விழித்தபோது நெஞ்சின் ஒருபக்கம் கல்லை ஏற்றி வைத்தது போல இருந்தது. கட்டுப் பிரித்த அன்று குனிந்து பார்த்தாள். எலும்பின்மேல் தோலை இழுத்துத் தைத்திருந்தார்கள். மகனுக்குப் பால் கொடுத்த மார்பு இருந்த இடம். அவள் அழவில்லை, சேலையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மூன்று வேளை சாப்பிடவில்லை. சாரதாமணி கஞ்சியை ஆற்றி வைப்பாள், எடுத்துக்கொண்டு போவாள், மறுபடி சூடாகக் கொண்டுவருவாள். வற்புறுத்தவில்லை. நாலாவது வேளை பழனாயி எழுந்து குடித்தாள்.

வலது கை தோளுக்குமேல் எழவில்லை. சுவரில் விரல்களை வைத்து எறும்பு ஏறுவது போல நாள்தோறும் மேலே மேலே ஏற்றச் சொல்லியிருந்தார்கள். வலியில் பல்லைக் கடித்தபடி அவள் ஏற்றும்போது, சாரதாமணி கரித்துண்டால் சுவரில் கோடு போட்டு வைப்பாள். கோடு மெல்ல மெல்ல உயர்ந்தது.

ஐப்பசியில், மகனுக்குத் தலைத்திதி கொடுத்த கையோடு, மெட்ராஸ் போனார்கள். ரத்தினசாமி கூட வந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோயாளிகள் தங்கும் சத்திரத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தறியைப் பார்க்கத் திரும்பினார். முதல்நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஆயா ஒருத்தி வந்து, பழனாயி யார், கரண்ட் வைக்க உள்ளே வா என்று கூப்பிட்டாள்.

பழனாயி எழுந்தாள். உள்ளே போகவில்லை. விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் சாரதாமணி அவளைப் பிடித்தாள். பழனாயி கையை உதறிக்கொண்டாள்.

“பெத்த புள்ளையக் கொன்னுச்சு அது. அதையவே என்ற நெஞ்சுமேல வெக்கச் சொல்றியா?”

கொட்டகை ஈரத்தில் கிடந்தவன் சாரதாமணியின் புருஷன். மாமியாரை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். மிஷினைப் பார்த்துக்கொள்பவரிடம் எங்கள் வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்தது, அத்தை வரமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னாள். அவர் நல்ல மனிதர். அறையைத் திறந்து காட்டினார். இது வயரில் ஓடுகிற கரண்ட் இல்லை, ஒருவிதமான கதிர், வாய்ப்பழக்கத்தில் இப்படிச் சொல்கிறோம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து சாரதாமணி திரும்பி வந்தாள்.

“உள்ள போயிப் பாத்துட்டு வந்தனுங்க. ஒயரு ஒண்ணும் மேல படறதில்லீங்க. மேல பெருசா ஒரு பொட்டி தொங்குது, அதுக்கடியில படுத்துக்கோணும், அவ்வளவுதான். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுங்க அத்தை. மிஷினு நிப்பாட்டி இருக்கையில அந்தக் கட்டல்ல நான் ஒருக்கா படுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

பழனாயி கையை நீட்டினாள். சாரதாமணி பிடித்து எழுப்பினாள்.

ஒரு மாதத்துக்கு மேல் அந்த வைத்தியம் நடந்தது. தோல் கருகி உரிந்தது, சோறு கசந்தது. சத்திரத்தில் பக்கத்துப் பாயில் மூலனூர்க்காரி கமலாம்பாள் இருந்தாள். அவளுக்கும் அதே நோய். ஆனால் முதுகெலும்புவரை போயிருந்தது. கணவன் கைவிட்டதால் தம்பி சிவசுப்பிரமணியம் கூட வந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். அக்காவுக்குத் தலை வாரிவிடுவான், மண்ணெண்ணெய் அடுப்பில் ரசம் வைப்பான், அவள் வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் அள்ளிப் போடுவான். அக்கா நோயில் கிடக்கும்போது எனக்கென்ன கல்யாணம் என்று இருந்துவிட்டவன்.

கமலாம்பாள் அவ்வளவு வலியிலும் வாயாடுவாள். ஒருநாள், சேலையைப் பிழிந்துகொண்டிருந்த சாரதாமணியைக் காட்டி, உங்கள் மகளா என்று கேட்டாள். மருமகள் என்று சொல்லப் பழனாயி வாயெடுத்தாள். வந்தது வேறு.

“ஆமாங்க. மகள்தான்.”

சாரதாமணி திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த சேலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பிறகும் பிழிந்துகொண்டே நின்றாள். கமலாம்பாள் அந்த வெறும் நெற்றியைப் பார்த்தாள், விஷயத்தைப் புரிந்துகொண்டாள், மேற்கொண்டு கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் பழனாயியின் வலது கை வீங்கத் தொடங்கியது. அறுவைக்குப் பிறகு சிலருக்கு அப்படி ஆகும், முழுதாக வற்றாது என்று சொல்லிவிட்டார்கள். ராட்டை சுற்ற முடியவில்லை. சாரதாமணி அதில் உட்கார்ந்தாள். ஒரு தறியில் மூன்று பேர் வயிறு நிறைய வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோயமுத்தூர் போய்க் காட்டி வந்தார்கள். போகும் நாள் நெருங்க நெருங்கப் பழனாயிக்குத் தூக்கம் போய்விடும். சாக வேண்டும் என்று இருந்தவள் சாவுக்குப் பயப்பட ஆரம்பித்திருந்தாள். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அஞ்சு வருஷம் தாண்டினால்தான் ஓரளவு தைரியமாகச் சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டரம்மா.

1969 தை மாதத்தில் சிவசுப்பிரமணியம் வந்தான். அக்கா மார்கழியில் போய்விட்டாள் என்று சொன்னான். சாகும்வரை உங்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள், நேரில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றான். பழனாயி அழுதாள். சாப்பிட்டுக் கிளம்பும்போது, பேர் சொல்லாமல், அந்தம்மா சௌக்கியமா என்று கேட்டான். அவன் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் சுவருக்கு அந்தப்பக்கம் ராட்டைச் சத்தம் கேட்கவில்லை என்பதைப் பழனாயி கவனித்திருந்தாள்.

அதன்பிறகு பல மாதம் அவள் அதையே யோசித்தாள். யாரிடமும் பேசக்கூடிய விஷயமா அது? அந்தத் தெருவில் அதுவரை தாலி இழந்த பெண் யாரும் மறுபடி கட்டிக்கொண்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி வாசலில் சீட்டோடு காத்திருக்கும்போதும், இந்தத் தடவை வேறு மாதிரி சொல்லிவிட்டால் இந்தப் பெண் என்ன ஆவாள் என்ற ஒன்றுதான் மனசில் ஓடியது. கடைசியில், சிவசுப்பிரமணியத்தைக் கட்டிக்கொள்கிறாயா என்று சாரதாமணியிடமே கேட்டாள். சாரதாமணிக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு அந்த வீடு பார்த்ததில்லை.

“ஒடம்பு தேறிருச்சு, இனி இவ எதுக்குன்னு தள்ளி உடப் பாக்கறீங்களா?”

“நீங்களும் போயிட்டா நான் எங்க போறதுன்னு கேட்டியே கண்ணு,” என்றாள் பழனாயி. “அதுக்கு இன்னி வரைக்கும் எங்கிட்டப் பதில் இல்ல. நாளைக்கே எனக்கு மறுபடியும் வந்துச்சுன்னா, அந்தக் கேள்வியோட என்னால சாக முடியாது.”

சாரதாமணி எழுந்து போய்விட்டாள். சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அரிசி களைந்தபடியே, அக்காவுக்குச் செய்த மாதிரி ஓர் ஆண்பிள்ளை செய்வான் என்று நான் நினைத்ததே இல்லை என்றாள். பழனாயிக்கு அது போதுமாயிருந்தது. வெள்ளிக்கிழமை தனியாக பஸ் ஏறி மூலனூர் போனாள். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சிவசுப்பிரமணியத்திடம் வந்த விஷயத்தைச் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்கும் இந்த எண்ணம் இருந்தது, எப்படிக் கேட்பது என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன் என்றான்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ரத்தினசாமியின் அண்ணன் செங்கோட்டையன் ஆட்களோடு வந்து நின்றார். பங்காளிகளுக்கெல்லாம் பெரியவர் அவர்தான். தம்பியை விட்டுவிட்டுப் பழனாயியைப் பார்த்துக் கேட்டார்.

“பெத்த மகன் செத்த எடத்துல புல்லு மொளைக்கறதுக்குள்ள அவன் பொண்டாட்டிக்கு மாப்பிள்ளை பாக்கறயே, நீயெல்லாம் ஒரு தாயா?”

அது சரியான இடத்தில் போய்க் குத்தியது. தூணைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் பதில் சொல்ல முடிந்தது.

“தாய்தானுங்க மாமா. அவனுக்கு நான் அழுதது போதாதுன்னா இன்னும் அழுவறேன். இந்தப் புள்ளையும் எங்கூட ஒக்காந்து அழுதே கெழவியாகோணும்னு எந்தச் சாமியும் சொல்லுலீங்க.”

இனி நல்லது கெட்டது எதற்கும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படியே செய்தார்கள். ரத்தினசாமி இரண்டு பக்கமும் பேசவில்லை. அவன் இருந்த இடத்தில் இன்னொருத்தனா என்று ஒரே ஒரு தடவை, யாரையும் பார்க்காமல் சொன்னார். கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று சாரதாமணியின் டிரங்குப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். பெட்டியை மேலே ஏற்றிக் கொடுத்தார். பஸ் நகரும் முன்பே திரும்பி நடந்துவிட்டார்.

1970 வைகாசியில் சிவன்மலை முருகன் சந்நிதியில் தாலி கட்டு நடந்தது. பெண்வீட்டுக்காரர்கள் வாருங்கள் என்று குருக்கள் கூப்பிட்டபோது பழனாயி ஒருத்திதான் முன்னால் வந்தாள். மாலையில் காங்கேயத்தில் தனியாக பஸ் ஏறியவள் பல்லடம் வரும்வரை அழுதாள். நல்ல காரியம் செய்த நிறைவு என்று எதுவும் வரவில்லை. மகனை இரண்டாவது தடவை கொடுத்துவிட்டு வருவது போலத்தான் இருந்தது. வீட்டில் ராட்டை ஓரத்தில் இருந்தது. சுற்ற ஆள் இல்லை.

பங்காளிகள் ஒதுக்கிய தெருவில் ஒற்றைத் தறியை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியவில்லை. அடுத்த வருஷம் அதையும் விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வந்து, வரிசை வீடு ஒன்றில் குடியேறினார்கள். ரத்தினசாமிக்கு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் பார்க்கும் வேலை கிடைத்தது. பழனாயி, தைத்து வரும் பனியன்களில் தொங்கும் பிசிறுகளை வெட்டும் வேலைக்குப் போனாள். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். வாரக்கணக்கில் பிசிறோடு பனியனையும் வெட்டி ஏச்சு வாங்கினாள்.

தலைப்பிரசவத்துக்கு சாரதாமணி அந்த வரிசை வீட்டுக்குத்தான் வந்தாள். பெண்குழந்தை. ஆஸ்பத்திரியில் ரத்தினசாமி வராந்தாவிலேயே நின்றார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கடைசியில் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். சாரதாமணி குழந்தையின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“அப்புச்சி வந்திருக்காரு பாரு கண்ணு.”

அப்புச்சி என்றால் தாயைப் பெற்ற தகப்பன். மகன் இறந்து ஆறு வருஷமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் கதவு நிலையில் சாய்ந்து, தோள் குலுங்க அழுதார். பழனாயி அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் டாக்டரம்மா, இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். கை வீக்கம் போகவில்லை. முதுகு வலித்தால், இருமல் வந்தால், கமலாம்பாள் ஞாபகம் வந்துவிடும். பயம் ஒருநாளும் முழுதாக விட்டுப்போகவில்லை. ஆனால் வேலைக்குப் போனாள். கம்பெனிப் பெண்களிடம் தன் நோயை மறைக்கவில்லை. கை ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னாள். சிலர் அவள் தண்ணீர்ச் செம்பைத் தொடாமல் ஒதுங்கினார்கள். சிலர் தனியாக வந்து ரகசியமாகக் கேட்டார்கள். அப்படி வந்தவர்களில் இரண்டு பேரை அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஒருத்திக்கு வெறும் நீர்க்கட்டி. இன்னொருத்தி ரொம்பத் தாமதமாக வந்தவள், பிழைக்கவில்லை.

1976இல் மயிலாள் என்று ஒருத்தி. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். சாப்பாட்டு நேரத்தில் பழனாயியைக் கூப்பிட்டுப் போய், சுவர் மறைவில் ரவிக்கையை விலக்கிக் காட்டினாள். மறுநாளே இருவரும் லீவு சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். அவிநாசி தாண்டியபோது மயிலாள் மெதுவாக, பொழைச்சுக்குவனுங்களா அக்கா என்று கேட்டாள்.

“எனக்குத் தெரியாது அம்மிணி,” என்றாள் பழனாயி. “நான் பொழைச்சுட்டேன். உம்பட கட்டி இன்னும் சின்னது, நீ சீக்கிரமா வந்துட்டே. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கத்தி வெக்கற அன்னிக்கு நான் வெளிய ஒக்காந்திருப்பேன்.”

மயிலாளுக்கு அறுவை நடந்த அன்று கம்பெனியில் அவசர ஆர்டர், லீவு கிடையாது என்றார்கள். பழனாயி அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மயிலாளின் புருஷன் பக்கத்தில் நிலைகொள்ளாமல் எழுந்தும் உட்கார்ந்துமாக இருந்தான். மத்தியானத்துக்குமேல் கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. மயிலாள் அரைமயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தாள். பழனாயி எழுந்து, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். ஸ்ட்ரெச்சர் வார்டுக்குள் நுழைந்தது. கஞ்சி வாங்கி வருகிறேன், கூடவே இரு என்று மயிலாளின் புருஷனிடம் சொல்லிவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.